கொழும்பில் தனியாகச் சுற்றும்போது சின்னச் சின்ன எரிச்சல்களே நாளைக் கெடுத்துவிடுகின்றன, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கல்லடிப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மட்டக்களப்பு, கல்லடி. போன மாதம் வேலை விசயமாகக் கொழும்புக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே போன வேலை முடிந்துவிட்டது, திரும்பி வர பஸ் ஞாயிறு இரவுக்குத்தான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையில் நிற்கவைத்து ஓட ஓடக் காட்டிய இடங்களை இந்த முறை தனியாக, ஆறுதலாகப் பார்ப்போம் என்று சரியான ஆசை. நூதனசாலை, கங்காராமய, சுதந்திர சதுக்கம், தாமரைக் கோபுரம், பின்னேரம் காலிமுகத்திடல் என்று சனிக்கிழமைக்கு ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். வெள்ளவத்தையில் ஏறின பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் இறக்கிவிடச் சொன்னேன், கொண்டக்டர் தலையாட்டினார், மறந்துவிட்டார், நானும் சிங்களத்தில் திருப்பிக் கேட்பதா விடுவதா என்று தயங்கிக்கொண்டே இருந்ததில் பஸ் என்னைப் புறக்கோட்டைக்கே கொண்டுபோய்விட்டது. சரி, வந்ததுக்கு இங்கேயே கொஞ்சம் பார்ப்போம் என்று நடந்தால், சனத்துக்குள் யாரோ பின்னால் மிதித்து செருப்பு வார் அறுந்துபோனது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, கண்ணில் பட்ட முதல் கடையில் பேரம் பேசவும் மனம் வராமல் கேட்ட காசைக் கொடுத்துப் புதுச் செருப்பு வாங்கினேன். பிறகு எடுத்த ஓட்டோவில் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன், மாற்றின காசு இல்லை என்று சொல்லி மிச்சத்தைத் தராமலே போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் இருக்கிற மேசையில் தனியாக இருந்தேன், பாதிச் சோற்றில் வந்து, ஆட்கள் வந்திருக்கிறார்கள், சுவர்ப் பக்கம் மாறி இருங்கள் என்றார்கள். தோளில் பை, இடக்கையில் கோப்பை, வலக்கை முழுக்கக் கறி, தண்ணீர்ப் போத்தலை எதால் தூக்குவது என்று தெரியாமல் எழும்பி நின்றேன். வெளியில் வந்தால் மழை, குடை அறையில்.

இதில் ஒன்றாவது பெரிய விசயமா, சொல்லுங்கள். அம்மாவோ தங்கச்சியோ கூட இருந்திருந்தால் அந்தச் செருப்புக் கதையை வைத்தே பின்னேரம் வரைக்கும் சிரித்திருப்போம். தனியாக இருந்தபடியால் ஒவ்வொன்றும் உள்ளே போய்த் தங்கிக்கொண்டே வந்து, மூன்று மணிக்கு அறைக்குத் திரும்பிப் படுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் எங்கும் போகவில்லை. பட்டியலில் இருந்த ஒரு இடத்தைக்கூடப் பார்க்காமல் ஊருக்கு வந்து, எல்லாம் பார்த்தேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னதுதான் இன்னும் குத்துகிறது.

அடுத்த மாதமும் போகவேண்டும், இந்த முறை மூன்று நாள். எங்கே போகலாம் என்று கேட்கவில்லை, அது தெரியும். இந்த மாதிரிச் சின்ன விசயங்களில் மனம் விழுந்துபோகிற நேரம் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தனியாகப் போய்ப் பழகின ஆட்கள் சொல்லுங்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொல்ல வேண்டாம், கூட வர ஆள் இல்லாதபடியால்தான் கேட்கிறேன்.

எருவில் காற்று:

தங்கச்சி, அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? அதை எழுதவே இல்லை. பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆட்கள் முதலில் விடுவது காலைச் சாப்பாட்டைத்தான். நீங்கள் நின்ற வெள்ளவத்தையில் நம்முடைய வாய்க்கு ஏற்ற இடியப்பமும் சொதியும் சம்பலும் கிடைக்காத ஒழுங்கை இல்லை. அதை வயிறு நிறையச் சாப்பிட்டு, பத்தரை மணிக்கு எங்கே நின்றாலும் ஒரு பிளேன்ரீ குடித்துப் பாருங்கள். எனக்கு விசர் வருகிற நேரத்தைக் கவனித்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட எல்லாமே பதினொன்றரைக்கும் ஒன்றுக்கும் இடையில், பசி என்று தெரியாமலே பசித்துக்கொண்டிருக்கிற நேரம். இரவு பஸ்ஸில் போய் விடிய நாலரைக்கு இறங்கி, நித்திரையும் இல்லாமல் அப்படியே சுற்றப் போகிற ஆட்களுக்கு இது இரண்டு மடங்கு.

மகிழடித்தீவு ரீச்சர்:

மகள், கோபிக்க வேண்டாம், நீ சொல்லாதே என்றதைத்தான் நான் சொல்லப் போகிறேன். பொம்பிளைப் பிள்ளை கொழும்பில் தனியாகச் சுற்றுவதை நினைத்தால் எனக்கு இங்கே நெஞ்சு அடிக்கிறது. உறவுக்காரர் யாரும் அங்கே இல்லையா? ஒரு நாளைக்காவது கூட வரச் சொல்லிக் கேட்டுப் பாரம்மா.

வாவிக்கரையான்:

நான் ஆண்பிள்ளை, அதனால் சில விசயங்கள் எனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்களுடைய மனநிலையை அப்படியே அனுபவித்தவன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குக் கண் ஒப்பரேசன், கொழும்பில். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பார்க்க விடுவது மத்தியானம் ஒரு தரம், பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு தரம். இடையில் இருக்கிற நாலு மணித்தியாலத்துக்கு நான் எங்கே போவது? வாட்டுக்கு வெளியில் வாங்கிலில் இருந்து முதல் நாள் கழிந்தது. இரண்டாம் நாள் அப்பாவே, இங்கே இருந்து என்ன செய்யப்போகிறாய், போய் எதையாவது பார்த்திட்டு வா என்று துரத்திவிட்டார். நாலு மணித்தியாலத்தில், போக வர பஸ்ஸுக்கு ஒன்றரை போனால், ஒரு இடத்துக்கு மேல் பார்க்கவே முடியாது. அதனால் எனக்குப் பட்டியல் போடுகிற வசதியே இருக்கவில்லை. இப்போது உங்கள் பட்டியலைப் பார்க்கும்போது, ஐந்து இடத்தை ஒரு நாளுக்குள் வைத்தால் பஸ் ஒரு சந்தி தாண்டினாலும் அது ஐந்துக்கும் தட்டிக்கொண்டுதானே போகும் என்று நினைக்கிறேன். ஒன்றே ஒன்று என்றால், பிந்திப் போனாலும் அந்த ஒன்று அங்கேயே இருக்கும்.

மூன்றாம் நாள் நூதனசாலைக்குப் போனேன். அன்றைக்கு எனக்கும் எல்லாம் பிழைத்தது. 138ஆம் இலக்க பஸ் எடுத்து நகர மண்டபத்தடியில் இறங்க வேண்டியவன் முந்தியே இறங்கிவிட்டேன், விஹாரமகாதேவிப் பூங்காவைத் தேடி நடந்து நடந்து சேட்டு முதுகோடு ஒட்டிப்போனது, ரிக்கற் கொடுக்கும் இடத்தில் சில்லறை கேட்டார்கள், போன் பன்னிரண்டு வீதத்தில் நிற்கிறது. உள்ளே போகும்போது இருந்த மனத்துக்கு, கண்டி மன்னரின் சிம்மாசனத்தைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்த சிம்மாசனம் அது, சின்ன வயதில் பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்தது, அதைக்கூட விறுவிறு என்று தாண்டிவிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கல். காலி மும்மொழிக் கல்வெட்டு என்பார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டியது, 1409 என்று திகதி போட்டது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். மேலே இரண்டு டிராகன்கள் செதுக்கியிருக்கும். காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்ததை 1911இல்தான் கண்டெடுத்தார்கள். நான் முதலில் சீன எழுத்தைப் பார்த்துவிட்டு நகரப் போனேன், சடாரென்று ஒரு வரியில் தமிழ் எழுத்து கண்ணில் தட்டியது. பழைய எழுத்து, தேய்ந்து போனது, ஒரு சொல்லை முழுதாக வாசிக்க முடியாது, ஆனால் இது க, இது ன, இது ய என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, குனிந்து, பக்கவாட்டில் நின்று வெளிச்சம் விழுகிற மாதிரிப் பார்த்து, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்றேன். தமிழ்ப் பகுதி நாட்டின் தென்முனையில், தெவிநுவரையில் இருந்த தென்னாவர நாயனார் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது, சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கணக்கு. யாராவது கூட வந்திருந்தால் என்னை அவ்வளவு நேரம் ஒரு கல்லுக்கு முன்னால் நிற்க விட்டிருப்பார்களா? பத்து நிமிசத்தில் போவமா என்று கேட்டிருப்பார்கள்.

இனி நீங்கள் கேட்டதுக்கு வருகிறேன். அந்த ஆறு நாளில் எனக்கு எரிச்சல் வரவில்லை என்று இல்லை, நாளுக்கு நாலு தரம் வந்தது. ஆனால் ஐந்து மணிக்கு அப்பாவுக்கு முன்னால் போய் உட்காருவேன், கண்ணில் கட்டோடு படுத்திருப்பார், இண்டைக்கு என்ன நடந்த என்று கேட்பார். அவருக்குக் கட்டிடமும் கோபுரமும் தேவையில்லை, பஸ்ஸில் யார் சண்டை பிடித்தது, எங்கே வழி தவறினாய், ஓட்டோக்காரன் என்ன சொன்னான், அதுதான் வேண்டும். நாலாம் நாளில் இருந்து நான் ஒரு சின்னக் கொப்பி வாங்கி, எரிச்சல் வருகிற இடத்திலேயே நின்று எழுதத் தொடங்கிவிட்டேன், அப்பாவுக்குச் சொல்ல மறக்கக்கூடாது என்று. எழுதி முடிக்கும்போது பாதி எரிச்சல் போய்விட்டிருக்கும். உங்களுக்கும் அம்மா இருக்கிறா. பார்த்த இடத்தைச் சொல்வதை விடுங்கள், அறுந்த செருப்பைச் சொல்வேன் என்று போகும் முன்னமே அவவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

காத்தான்குடி நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பதினெட்டு வருடமாகப் புடவை எடுக்கப் புறக்கோட்டைக்குப் போய்வருகிறவன், எல்லாத் தரமும் தனியாகத்தான். தங்கச்சி, உங்களுக்கு அன்றைக்கு நடந்தது எல்லாம் புறக்கோட்டையின் வேலை. தெரியாமல் போய் அதுக்குள் இறங்கினால் யாருக்கும் தலை சுற்றும்.

சில்லறை விசயம் மிக முக்கியம். முதல் நாள் இரவே ஆயிரம், ஐயாயிரம் தாள்களை எங்காவது ஒரு பெரிய கடையில் சாமான் வாங்கி மாற்றி, இருபது, ஐம்பது, நூறாக முன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டோவை போன் செயலியில் எடுங்கள், காசு எவ்வளவு என்று ஏறும் முன்னமே தெரியும், பேச்சுக்கு இடமில்லை. தெருவில் மறித்து ஏறுவதென்றால் மீட்டர் போடுகிறாரா என்று பார்த்து ஏறுங்கள். செருப்பு அறுந்தால் புதிது வாங்க ஓட வேண்டாம், கோட்டை ஸ்டேஷனில் இருந்து புறக்கோட்டைக்கு வருகிற வழியில் தெருவோரமாகச் செருப்புத் தைக்கிற ஆட்கள் இருப்பார்கள், ஐந்து நிமிசம். ஊசியைக் குத்தி இழுத்து நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுத் தருவார், மறுகா அந்த வார் செருப்புத் தேயும் வரைக்கும் அறாது.

வழி தவறிப் போனால் பதறாமல் ஒரு கடைப் படியில் ஏறி நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம், பேரே வாவிக் கரையில் நிற்கிறது, பல சந்துகளில் இருந்து தெரியும். அது எந்தக் கையில் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டால் கிறுகி வரலாம். இன்னொன்று, புறக்கோட்டையில் தெருவுக்குத் தெரு வியாபாரம் வேறு. மின்சாரச் சாமானும் போனும் என்றால் முதலாம் குறுக்குத் தெரு, தங்கக் கடைகள் என்றால் செட்டியார் தெரு, மூலிகை மணம் வந்தால் கெபோஸ் ஒழுங்கை. கடையைப் பார்த்தே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இருக்கிறது, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டது, 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த வருடம் முடித்தார்கள். எனக்குச் சாமான் கணக்குப் பிழைத்தாலும், லொறிக்காரனோடு சத்தம் போட்டாலும், அங்கே போய் ஒழுச் செய்து கால் கை முகம் நனைந்ததும் சூடு இறங்கிவிடும். நீங்கள் உங்களுடைய கோயிலையோ ஒரு குளிர்ந்த மண்டபத்தையோ அப்படி ஒரு இடமாக முதலே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக்குப் போகாதீர்கள், கடைகள் பெரும்பாலும் பூட்டு.

தம்பிலுவில் மல்லிகை:

ரீச்சர், உங்கள் பயம் விளங்குகிறது, நீங்கள் அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் நான் கொழும்பில் நாலு வருடம் படித்தவள், படிப்பு முடியும் வரைக்கும் யாராவது கூட வந்தால்தான் வெளியே போவேன் என்று இருந்து, ஊருக்கு வந்த பிறகுதான் எவ்வளவு பார்க்காமல் விட்டேன் என்று அழுகை வந்தது. பிள்ளை போகட்டும், பகலில் போகட்டும்.

கல்லடிப் பிள்ளை, ஆண்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். முதலாவது மலசலகூடம். தனியாகப் போனால் பையைப் பிடிக்க ஆள் இல்லை, அந்தப் பயத்தில் தண்ணீரே குடிக்காமல் சுற்றுவோம், மத்தியானத்துக்குள் தலையிடி, அப்புறம் எல்லாம் எரிச்சல். குறுக்காக மாட்டுகிற சின்னப் பை ஒன்றோடு மட்டும் போங்கள், பெரிய பையை அறையில் விடுங்கள், அறையைக் காலி செய்த நாளென்றால் கோட்டை ஸ்டேஷனில் பொதி வைக்கிற இடத்தில் காசு கட்டி வைக்கலாம். நூதனசாலை, பெரிய கடைத்தொகுதி என்று எங்கே நல்ல மலசலகூடம் கண்டாலும் தேவை இருக்கோ இல்லையோ போய்விட்டு வாருங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

இரண்டாவது, சாப்பாட்டுக் கடை. எழும்பி மாறச் சொன்னால் எழும்ப வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டுத் தருகிறேன் என்று தமிழிலேயே சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல், இருந்தபடி. நான் இதைச் சொல்லப் பழக இரண்டு வருடம் எடுத்தது. அல்லது பன்னிரண்டுக்கு முன்னமே போய்விடுங்கள், மேசை காலியாக இருக்கும்.

மூன்றாவது பஸ். கொண்டக்டரை நம்பி இருக்காமல் பக்கத்தில் இருக்கிற அக்காவிடமோ அம்மாவிடமோ இடத்தின் பெயரைச் சொல்லி "ஆவாம கியன்ன" என்று கேளுங்கள், வந்ததும் சொல்லுங்கள் என்று அர்த்தம். இறங்கும்போது "பஹினவா" போதும். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை, அவர்கள் சந்தோசப்படுவார்கள், சில நேரம் எழும்பி வந்து வாசலில் நின்று இறக்கிவிடுவார்கள். ஒரு தரம் ஒரு அம்மா தான் இறங்க வேண்டிய இடத்தை விட்டு என்னோடு இறங்கி வீதி கடத்திவிட்டுப் போனா, அவவின் கையில் இருந்த கொத்தமல்லிக் கட்டு மணம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வாவிக்கரையான் அண்ணா சொன்ன கொப்பி நல்லது, ஆனால் எனக்குப் பின்னேரம் வரைக்கும் தாங்காது. நான் அந்த இடத்திலேயே தங்கச்சிக்குக் குரல் பதிவு அனுப்புவேன், ஒரு நிமிசம், திட்ட வேண்டியதைத் திட்டி. அவள் பதில் போடாவிட்டாலும் சரி. நீங்கள் எது பொருந்துகிறதோ அதைச் செய்யுங்கள்.

இரவு பஸ்ஸில் போய் விடியக்காலையில் இறங்கினால் ஒன்பது மணி வரைக்கும் ஒன்றும் திறக்காது, அந்த நேரம்தான் மனம் முதலில் உடைகிறது. நான் வெளிச்சம் வந்ததும் கொச்சிக்கடைக்குப் போய்விடுவேன். பொன்னம்பலவாணேசுவரர் கோயில், பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டியது, பிறகு மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். காலையில் அந்தக் கல்தூண்களுக்கு இடையில் இருந்தால் கொழும்பு என்றே தெரியாது, கால் வைத்த இடமெல்லாம் குளிர். கிட்டத்தில்தான் அந்தோனியார் கோயில். அங்கேயும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே குண்டு வெடித்த அதே காலையில்தான் நம்முடைய மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது, அந்தப் பிள்ளைகளை நினைத்து. பஸ் பிந்தினதும் சீட் உடைந்திருந்ததும் அங்கிருந்து வெளியே வரும்போது என் நினைவிலேயே இருக்காது.

கல்லடிப் பிள்ளை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எருவில் அண்ணா, நீங்கள் கேட்டது சரிதான், அன்றைக்குக் காலையில் இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும். ரீச்சர், நான் ஆறு மணிக்குள் அறைக்கு வந்துவிடுவேன், வந்ததும் இங்கேயே எழுதுகிறேன், பயப்பட வேண்டாம்.

பட்டியலைக் கிழித்துவிட்டேன். முதல் நாள் நூதனசாலை மட்டும், இரண்டாம் நாள் விடியக் கொச்சிக்கடை, பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை, மூன்றாம் நாளுக்கு இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. இன்றைக்குப் பின்னேரம் அம்மாவிடம் போன முறை ஒன்றும் பார்க்கவில்லை என்ற உண்மையையும் சொல்லிவிட்டேன். அவ கோபிக்கவில்லை, செருப்பு என்ன நிறம் என்று கேட்டா.

வாவிக்கரையான் அண்ணா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தக் கல் பெரிய கட்டிடத்துக்குள்ளா, தேடிக் கண்டுபிடிக்கக் கஷ்டமா? அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

வாவிக்கரையான்:

உள்ளேதான், கண்டுபிடிக்காவிட்டால் காவலில் நிற்கிற ஆளிடம் சீனக் கல்வெட்டு என்று கேளுங்கள். ஒன்பது மணிக்குத் திறந்ததும் போனால் சுற்றுலாப் பிள்ளைகள் வர முன் ஆறுதலாகப் பார்க்கலாம், விடுமுறை நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா நல்ல சுகம், பேப்பர் வாசிக்கிறார். நீங்கள் எழுதினதை இப்போதுதான் வாசித்துக் காட்டினேன். கல்லில் முதலாவதாக எந்த எழுத்தை உங்களால் வாசிக்க முடிந்தது என்று வந்து எழுதச் சொல்கிறார்.